ஜிப்சியின் பட்டை புஷ்களை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி: கோத்தகிரி வாசி

அனைவருக்கும் வணக்கம். எங்களிடம் இருப்பது மாருதி ஜிப்சி கிங். கோத்தகிரிக்குக் கீழே உள்ள தோட்டத்துக்கும் ஊருக்கும் இடையே, கரடுமுரடான ஏற்றப் பாதையில்தான் அது பெரும்பாலும் ஓடுகிறது. சில மாதங்களாக, வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் முன்பக்கத்திலிருந்து ‘டக்’கென்று ஒரு சத்தம் கேட்கிறது. மேட்டுப்பாளையம் வரை தார்ச்சாலையில் இறங்கும்போது, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருந்தாலும் வண்டி இடமும் வலமுமாக அலைகிறது. பிரேக்கை அழுத்தினால் இடப்பக்கம் இழுக்கிறது. பிரேக்கைப் பிரித்துப் பார்த்தாயிற்று. அதில் குறையொன்றும் இல்லை.

வண்டியின் அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தபோது, இடப்பக்க முன் ஷேக்கிளில் (பட்டை ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேசிஸோடு சேர்க்கும், ஆடக்கூடிய இணைப்பு) ரப்பர் புஷ்ஷின் விளிம்பு ஒருபுறம் உதடு போலப் பிதுங்கியிருப்பதும், மறுபுறம் ரப்பரே இல்லாமல் பின் (ஷேக்கிளின் இரும்புத் தண்டு) நேராகப் பட்டையின் காதில் (முனையில் சுருட்டிய வளையம்) உட்கார்ந்திருப்பதும் தெரிந்தது. சுற்றிலும் கறுப்பாக ரப்பர்த் தூள் படிந்திருக்கிறது. ஒரு பணிமனையில் காட்டினால், நான்கு பட்டைக் கட்டுகளையும் கழற்றிப் புதிதாகவே போட்டுவிடச் சொல்கிறார்கள். பட்டைகள் எனக்கு நன்றாகவே தெரிகின்றன.

டிராலி ஜாக்கி ஒன்று, ஸ்டாண்டு இரண்டு, ரிங் ஸ்பேனர் செட், சாக்கெட் செட் ஆகியவை வீட்டில் இருக்கின்றன. பிரஸ் இல்லை. இவற்றை வைத்துக்கொண்டு புஷ்களை மட்டும் வீட்டிலேயே மாற்ற முடியுமா? கம்பெனி ரப்பர் போடுவது நல்லதா, பாலியூரித்தேன் போடுவது நல்லதா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: கோவை மெக்கானிக்

வணக்கம். முடியும். நான்கு சக்கர இயக்க வண்டிகளில் வீட்டு வாசலில் வைத்துப் புஷ் மாற்றுவதற்கு ஜிப்சியைவிட எளிதான வண்டி அநேகமாக இல்லை. இரும்புக் குழாயோடு ஒட்டி வார்த்த புஷ் இதில் கிடையாது. பட்டையின் காதுக்குள் இரண்டு பக்கத்திலிருந்தும் கையால் தள்ளும்படி, நடுவில் இரண்டாகப் பிரிந்த வெறும் ரப்பர் புஷ்கள்தான் இருக்கின்றன. ஆகவே பிரஸ் தேவையில்லை.

ஆனால் புஷ்ஷை வாங்குவதற்கு முன், சத்தம் அங்கிருந்துதான் வருகிறதா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஒருவரை உள்ளே உட்காரவைத்து ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாகத் திருப்பச் சொல்லுங்கள். நீங்கள் பக்கவாட்டில் நின்று குனிந்து ஷேக்கிளைப் பாருங்கள். சக்கரம் திரும்புவதற்கு முன்பே பட்டையின் காது ஷேக்கிள் தகட்டுக்கு இடையில் நகர்ந்தால், புஷ் போய்விட்டது என்று பொருள். பிறகு ஒரு கடப்பாரையைக் காதுக்கும் சேசிஸ் பிராக்கெட்டுக்கும் இடையில் கொடுத்து மெதுவாக நெம்பிப் பாருங்கள். நல்ல ரப்பர் சற்றே அசைந்து உடனே திரும்பிவரும், தேய்ந்தது ‘டக்’கென்று இரும்பில் போய் இடிக்கும். கூடவே டை ராட் எண்டு, டிராக் லிங்க் எண்டு, ஷாக் அப்சார்பரின் புஷ், யு போல்ட் நட்டு ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது அசைவு இருந்தால், அது வீல் பேரிங் அல்லது கிங்பின் பேரிங்கின் (சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சில் உள்ள பேரிங்) குறை. புஷ் மாற்றுவதால் அது போகாது.

நீங்கள் சொல்லும் அலைச்சலுக்கும் இழுப்புக்கும் காரணம் வண்டியின் அமைப்பிலேயே இருக்கிறது. ஜிப்சியில் ஹவுசிங்கை (இரு பக்கச் சக்கரங்களையும் தாங்கும் அக்சில் உறை) சேசிஸோடு பிடித்துவைத்திருப்பவை பட்டைக் கட்டுகள் மட்டுமே. காயில் ஸ்பிரிங் வண்டிகளில் இருப்பதுபோல் ஹவுசிங்கை முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் கைகளோ, பக்கவாட்டில் பிடிக்கும் தண்டோ இதில் இல்லை. ஆகவே காதில் உள்ள ரப்பர் எவ்வளவு இடம் விடுகிறதோ அவ்வளவு தூரம் ஹவுசிங் நகரும். ஸ்டியரிங் பெட்டி சேசிஸில் இருக்கிறது, சக்கரங்கள் ஹவுசிங்கில் இருக்கின்றன, இரண்டையும் டிராக் லிங்க் இணைக்கிறது. ஹவுசிங் பக்கவாட்டில் நகர்ந்தால், நீங்கள் ஸ்டியரிங்கைத் தொடாமலேயே சக்கரம் திரும்பும். பிரேக் போடும்போது இடப்பக்கம் மட்டும் ஹவுசிங் பின்னுக்குப் போனால் வண்டி இடப்பக்கம் இழுக்கும். பட்டை வளைந்து தொய்ந்திருந்தாலோ காதருகே விரிசல் இருந்தாலோ ஒழிய, பட்டைக் கட்டை மாற்றவேண்டிய அவசியமே இல்லை.

அடுத்து, இந்தப் புஷ் எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்வது முக்கியம், ஏனென்றால் பொருத்தும் முறை முழுவதும் அதைப் பொறுத்தே இருக்கிறது. ரப்பர் புஷ் என்பது பேரிங் அல்ல. பின்னைச் சுற்றி அது உருளுவதோ வழுக்குவதோ இல்லை. நட்டை இறுக்கும்போது இரண்டு பாதிகளும் நெருங்கி, ரப்பர் பருத்து, உள்ளே பின்னையும் வெளியே காதையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. பட்டை மேலும் கீழும் அசையும்போது நடுவில் உள்ள ரப்பர் மட்டும் முறுக்கிக்கொண்டு, திரும்ப விரிகிறது. பிடிப்பு விட்டுப்போய் எப்போது வழுக்கத் தொடங்குகிறதோ, அப்போதிருந்து ரப்பர் அறுபட்டுத் தூளாகிறது. நீங்கள் பார்த்த கறுப்புத் தூள் அதுதான்.

ஆகவே முதலாவது: கிரீஸ், என்ஜின் ஆயில் எதையும் தடவாதீர்கள். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதி மென்மையாகிவிடும், பிடிப்பும் போய்விடும். உள்ளே தள்ளுவதற்குச் சோப்புத் தண்ணீரே போதும். அது காய்ந்தபின் ரப்பர் பிடித்துக்கொள்ளும். இரண்டாவதுதான் பெரும்பாலான இடங்களில் தவறிப்போகிறது: சக்கரங்கள் தரையில் நின்று, வண்டியின் எடை பட்டையின் மேல் இருக்கும் நிலையில்தான் நட்டுகளைக் கடைசியாக இறுக்கவேண்டும். ஹவுசிங் தொங்கும்போது இறுக்கினால், அந்தத் தொங்கும் நிலையையே ரப்பர் தன் இயல்பு நிலையாகப் பிடித்துக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் நின்ற இடத்திலேயே முறுக்கோடு இருக்கும். பள்ளத்தில் இறங்கும்போது அதற்குமேலும் முறுக்கிக் கிழியும். புதுப் புஷ் ஆறு மாதத்தில் போய்விட்டது என்று வருகிற வண்டிகளில் ரப்பரின் தரத்தைவிட இதுவே அதிகம் காரணமாக இருக்கக் கண்டிருக்கிறேன்.

வேலைக்கு வருவோம். ஒரு பட்டைக்கு நிலையான முனையில் இரண்டு, ஷேக்கிள் முனையில் பட்டையின் காதில் இரண்டு, அதற்கு மேலே சேசிஸ் காதில் இரண்டு என ஆறு பாதிகள். நான்கு பட்டைக்கும் சேர்த்து 24. சேசிஸ் காதில் உள்ளவை கண்ணுக்கு எளிதில் தெரியாதவை என்பதால் பலர் அவற்றை விட்டுவிடுகிறார்கள். அவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். வாங்கப் போகும்போது பழையது ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பொதுச் சந்தைக்கான ஜிப்சியின் தயாரிப்பு 2019ல் நின்றுவிட்டாலும் புஷ் கிடைப்பதில் சிரமம் இல்லை. ஆனால் போலிச் சரக்கு நிறைய உலவுகிறது. நகத்தால் அழுத்தினால் தடம் பதிந்து அப்படியே நிற்கும் ரப்பரையும், விளிம்பில் வெடிப்புள்ள ரப்பரையும் வாங்காதீர்கள்.

முந்தைய நாள் மாலையே எல்லா நட்டுகளையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் ஸ்பிரே அடித்து விட்டுவிடுங்கள். மறுநாள் கெட்டியான சமதரையில் வண்டியை நிறுத்தி, தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஹேண்ட் பிரேக்கையும் கியரையும் மட்டும் நம்பவேண்டாம். பின்பக்கத்தைத் தூக்கிய பிறகு ஹேண்ட் பிரேக்குக்குத் தரையோடு தொடர்பே இல்லை, ஒரு சக்கரம் மட்டும் தூக்கியிருந்தாலும் டிஃபரன்ஷியல் வழியாக மற்றது உருள இடம் உண்டு. மலையில் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஸ்டாண்டுகளைச் சேசிஸின் கீழ் வைக்கவேண்டும்: முன்பக்க வேலைக்கு முன் பட்டையின் பின்முனைக்கு அப்பால், பின்பக்க வேலைக்குப் பின் பட்டையின் முன்முனைக்கு முன்னால். செங்கல், ஹாலோ பிளாக் எதையும் முட்டுக் கொடுக்கக் கூடாது. அவை எச்சரிக்காமல் நொறுங்குபவை.

டிராலி ஜாக்கி ஹவுசிங்கின் கீழே, வேலை நடக்கும் பக்கத்தில் இருக்கட்டும். ஒரு நேரத்தில் ஒரு பட்டையை மட்டும் அவிழுங்கள். மறுபக்கப் பட்டை ஹவுசிங்கை இடத்தில் பிடித்திருக்கும். யு போல்ட்டைத் தொடவே வேண்டாம். ஷேக்கிள் நட்டுகளை எடுத்துவிட்டு, ஜாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இறக்கிப் பாருங்கள். பட்டையின் இழுப்பும் ஹவுசிங்கின் எடையும் சமமாகும் ஓர் உயரத்தில் பின் இலகுவாகிக் கையாலேயே அசையும். அந்த உயரத்தில்தான் அதை உருவவேண்டும். அதற்கு முன் சம்மட்டியால் அடித்து எடுத்தால் மரை கெடும், பட்டையும் துள்ளும். ஹவுசிங்கை இறக்கும்போதெல்லாம் பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்பதில் ஒரு கண் இருக்கட்டும்.

பழைய ரப்பரை ஸ்குரூ டிரைவரால் நெம்பி, தேவையானால் கத்தியால் கீறி எடுத்துவிடலாம். சிலர் காஸ் வைத்து எரிப்பார்கள். அதைச் செய்யாதீர்கள், பட்டையின் பதம் போய்விடும், புகையும் கெடுதல். காதின் உட்புறத்தை உப்புத்தாளால் துரு போகத் தேயுங்கள். பின்னைத் துடைத்து, நகத்தை அதன் நீளத்துக்கு ஓட்டிப் பாருங்கள். எங்கேனும் பள்ளம் தட்டுப்பட்டால் பின்னையும் மாற்றவேண்டும். மெயின் பட்டையில் காது வளையத் தொடங்கும் இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

புதுப் பாதிகளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து இரு பக்கமும் தள்ளி, பின்னைச் செலுத்தி, நட்டைக் கையால் திருகும் அளவுக்கு மட்டும் போட்டுவிட்டு அடுத்த முனைக்குப் போங்கள். சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, பானட்டின் முன்பக்கத்தை நன்றாக அழுத்திவிட்டு, சில அடி தூரம் முன்னும் பின்னும் உருட்டி, அதன் பிறகு சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள்.

பதில்: ஹட்டன் டிபெண்டர்

வணக்கம். மேலே எழுதியவர் ஜிப்சிக்குச் சொன்ன முறையோடு, வேறு வகை வாகனம் வைத்திருப்போருக்கும் பயன்படும் என்பதால் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். எங்கள் மலைநாட்டுத் தோட்டங்களில் பழைய லேண்ட் ரோவர் டிபெண்டர்கள் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றில் காயில் ஸ்பிரிங். முன் அக்சிலை இரண்டு ரேடியஸ் ஆர்ம்கள் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கின்றன, பான்ஹார்ட் ராட் பக்கவாட்டில் பிடிக்கிறது. ஒவ்வொரு ஆர்மிலும் அக்சில் பக்கம் இரண்டு புஷ்கள். அவை இரும்பு உறையோடு ஒட்டி வார்க்கப்பட்டவை, ஆர்மின் கண்ணுக்குள் இறுக்கமாக உட்கார்ந்திருப்பவை. கையால் தள்ளினால் வராது.

பிரஸ் இல்லாதவர்கள், நடு ரப்பரைச் சுற்றிலும் டிரில் போட்டு உள்குழாயை உருவிவிட்டு, மீதமிருக்கும் வெளியுறையை ஹாக்சா பிளேடை உள்ளே நுழைத்து ஒரு கோடாக அறுக்கலாம். உறையின் கனம் அறுபட்டதும் நிறுத்திவிடவேண்டும். ஆர்மின் கண்ணில் வெட்டு விழுந்தால் அது பிறகு விரிசலுக்கு வழிவகுக்கும். அறுத்த உறையை உளியால் உள்நோக்கி மடித்தால் எளிதாகக் கழன்றுவிடும். புதியதை ஏற்றுவதற்குத் தடித்த மரைக்கம்பி ஒன்று, கனமான வாஷர்கள், புஷ்ஷின் வெளியுறையை மட்டும் தொடும் அளவிலான குழாய்த் துண்டு ஆகியவை போதும். தள்ளும் விசை வெளியுறையின் மேல்தான் விழவேண்டும். நடுக்குழாயை அழுத்தினால் பொருத்துவதற்கு முன்பே ரப்பர் கிழிந்துவிடும். நேராக நுழைகிறதா என்பதை ஒவ்வொரு சுற்றுக்கும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் வாகனம் தரையில் நின்ற பிறகு இறுக்கவேண்டும் என்பது எங்களுக்கும் அப்படியே பொருந்தும். ஒட்டி வார்த்த புஷ்ஷில் ரப்பர் வழுக்குவதற்கு வழியே இல்லை, எனவே தவறான நிலையில் இறுக்கினால் இன்னும் விரைவாகக் கிழியும்.

கேள்வி கேட்டவர்: கோத்தகிரி வாசி

இருவருக்கும் மிக்க நன்றி. சொன்னபடி ஸ்டியரிங்கை ஆட்டிப் பார்த்தோம். முன்பக்க ஷேக்கிள் இரண்டிலும் அசைவு தெளிவாகத் தெரிகிறது, கிங்பின் பேரிங்கில் அசைவு இல்லை. வலப்பக்கத்தை முடித்துவிட்டேன். இடப்பக்கத்தில் நிலையான முனையின் போல்ட், நட்டு கழன்ற பிறகும் வெளியே வர மறுக்கிறது. ஜாக்கியை ஏற்றி இறக்கிப் பார்த்தும் அசையவில்லை. ஷேக்கிள் பின்னில் நகம் தட்டுகிற அளவுக்குப் பள்ளம் இருக்கிறது. அதை லேத்தில் கொடுத்து வெல்டிங் வைத்துக் கடைந்துகொள்ளலாமா? பாலியூரித்தேன் பற்றிய கேள்விக்கும் யாராவது பதில் சொன்னால் நல்லது.

பதில்: கோவை மெக்கானிக்

பின்னை வெல்டிங் வைத்துக் கடையவேண்டாம். வெல்டிங் சூட்டில் அதன் பதம் மாறிவிடும்; வண்டியின் முன் எடையில் ஏறத்தாழக் கால் பங்கைத் தாங்கும் உறுப்பு அது. ஷேக்கிள் முழுதாகவே கிடைக்கிறது, விலையும் பட்டைக் கட்டோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. புதியதையே வாங்குங்கள்.

வராத போல்ட்டுக்கு அவசரம் காட்டாதீர்கள். ரப்பர் கிழிந்த இடத்தில் தண்ணீர் நின்று பிராக்கெட்டோடு துரு பிடித்திருக்கும். ஸ்பிரேயை இரு பக்கமும் அடித்து ஓர் இரவு விடுங்கள். பிறகு தலைப்பக்கத்தில் ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் சிறிது சிறிதாகத் திருகுங்கள். சுற்றத் தொடங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. தட்டவேண்டியிருந்தால், நட்டை மரையின் நுனிவரை திரும்பப் போட்டு, அதன் மேல் பித்தளைத் துண்டு வைத்துத் தட்டுங்கள், மரை பிழைக்கும். அப்படியும் வராவிட்டால், காதுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே பிளேடு விட்டு இரு பக்கமும் அறுத்து எடுப்பதுதான் வழி. அப்போது புது போல்ட்டும் நட்டும் கைவசம் இருக்கட்டும். கம்பெனி போல்ட்டையே போடுங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண போல்ட் அதே தடிமனாக இருந்தாலும் அதே வலிமை கொண்டதாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

பதில்: திண்டுக்கல் 4x4

பாலியூரித்தேன் பற்றி நான் சொல்கிறேன். அது ரப்பரைவிடக் கெட்டியானது, எண்ணெய்க்கும் எளிதில் அசையாதது, நீண்டகாலம் உழைப்பது. இவற்றில் எதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் மேலே விளக்கியபடி ரப்பர் முறுக்கிக்கொண்டு வேலை செய்கிறது, பாலியூரித்தேனோ பின்னைச் சுற்றி வழுக்கிக்கொண்டு வேலை செய்கிறது. வழுக்கும் பொருளுக்கு கிரீஸ் வேண்டும். அதற்கென்று கொடுக்கப்படும் சிலிகான் கிரீஸைத்தான் போடவேண்டும். சேறும் மணலும் உள்ளே போய் கிரீஸ் கழுவப்பட்டால் கிரீச்சிடத் தொடங்கும், மறுபடி கழற்றிப் பூசவேண்டியிருக்கும். தோட்டப் பாதையில் ஓடும் வண்டிக்கு இது சிறிய தொந்தரவு அல்ல.

இன்னொன்றும் உண்டு. ஒரு சக்கரம் கல்லின் மேலும் மறு சக்கரம் பள்ளத்திலும் இருக்கும்போது ஹவுசிங் சாய்கிறது, அதோடு பட்டையின் காதும் பக்கவாட்டில் திருகப்படுகிறது. ரப்பர் அந்தத் திருகலுக்கு இணங்கிக்கொடுக்கும். கெட்டியான பாலியூரித்தேன் அவ்வளவு இணங்காது. திருகல் பட்டைக்கும் பிராக்கெட்டுக்கும் போகும், சக்கரம் தரையைத் தேடி இறங்குவதும் குறையும். சமதரைச் சாலையில் வேகமாக ஓட்டுபவருக்கு அந்தக் கெட்டித்தன்மை ஸ்டியரிங்கைக் கூர்மையாக்கித் தரும். உங்கள் பாதைக்குக் கம்பெனி ரப்பர்தான் சரி என்பது என் உறுதியான கருத்து. ஹட்டன் நண்பர் சொன்ன டிபெண்டர் ரேடியஸ் ஆர்முக்கும் இதே கருத்துதான். அங்கே ஆர்ம் திருகப்படுவது இன்னும் அதிகம்.

கேள்வி கேட்டவர்: கோத்தகிரி வாசி

இரவு முழுவதும் ஸ்பிரேயில் ஊறியதில் போல்ட் சுற்றத் தொடங்கி, அறுக்காமலே வந்துவிட்டது. புது ஷேக்கிள், கம்பெனி ரப்பர் ஆகியவற்றைப் பொருத்தி, தரையில் இறக்கிய பிறகுதான் இறுக்கினேன். முன்பக்கம் முழுவதும் முடிந்தது. பிரேக் போட்டால் இழுப்பது நின்றுவிட்டது, அலைச்சலும் இல்லை. வேகத்தடையில் மட்டும் மெல்லிய சத்தம் ஒன்று இன்னும் இருக்கிறது. இப்போது அது பின்பக்கத்திலிருந்து வருவதுபோல் கேட்கிறது.

பதில்: கோவை மெக்கானிக்

மகிழ்ச்சி. முன்பக்கத்து இரைச்சலில் அமுங்கியிருந்த பின்பக்கச் சத்தம் இப்போது தனியாகக் கேட்கிறது. அங்கே புஷ்ஷைக் கழற்றுவதற்கு முன் ஷாக் அப்சார்பரின் கீழ் முனையைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அதில் அசைவு இருந்தால் அந்தச் சிறிய புஷ்ஷை மாற்றினாலே போதும். இல்லையென்றால் அதே முறையில் பின் பட்டைகளையும் செய்துவிடுங்கள். கழற்றும்போது பெட்ரோல் டேங்கை ஒட்டி ஓடும் குழாய்களைக் கவனித்துக்கொள்ளுங்கள், அந்தப் பக்கம் காஸ் விளக்கோ கிரைண்டரோ வேண்டாம். முன்பக்கத்தில் ரப்பர் அமர்ந்து நட்டு சற்றே தளர்ந்திருக்கக்கூடும் என்பதால், சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு, சக்கரங்கள் தரையில் இருக்கும்போதே, டார்க் ரெஞ்சால் மறுபடி ஒருமுறை சரிபாருங்கள்.